கரிசலில் வீடு: சுவரைக் கேட்டீர்கள், கூரையைக் கேட்கவில்லையே

கேள்வி: நானும் கணவரும் அருப்புக்கோட்டை பக்கம் ஆசிரியர்களாக இருக்கிறோம். ஊருக்கு வெளியே 5 சென்ட் கரிசல் மனை வாங்கியிருக்கிறோம். 1,100 சதுர அடியில் தரைத்தளம் மட்டும் கட்ட எண்ணம். சுற்றுச்சூழலைக் கெடுக்காத வீடாக இருக்க வேண்டும் என்று ஆசை. போன வருடம் ஆரோவில்லில் பார்த்த, மண்ணை அழுத்திச் செய்த மண்கல் சுவர் மனதை விட்டுப் போகவில்லை. மனையில் தோண்டுகிற மண்ணிலேயே கல் போட்டுக் கட்டிவிட முடியுமா? மேஸ்திரி, "செங்கல்தான் டீச்சர், மத்ததெல்லாம் விளையாட்டு" என்கிறார். கடைக்காரர், காற்றுக் குமிழி நிறைந்த எடை குறைந்த ஏ.ஏ.சி. பிளாக்தான் பசுமைக் கல் என்கிறார். நிலக்கரிச் சாம்பலில் செய்கிற சாம்பல் கல்லில் விஷம் இருக்கிறது என்று உறவினர் ஒருவர் பயமுறுத்துகிறார். எதை எடுப்பது?

பதில்:

டீச்சர், உங்கள் கடிதத்தில் சுவரைப் பற்றி நாலு கேள்வி இருக்கிறது. அஸ்திவாரத்தைப் பற்றி ஒன்றும் இல்லை, கூரையைப் பற்றியும் ஒன்றும் இல்லை. குறையாகச் சொல்லவில்லை. என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறார்கள். கண்ணுக்குத் தெரிவது சுவர், அதனால் பசுமை வீடு என்றால் பசுமைச் சுவர் என்று ஆகிவிட்டது. ஆனால் ஒரு வீட்டில் சுற்றுச்சூழலுக்குப் பெரிய செலவு வைப்பவை சிமெண்டும் கம்பியும். அவை அதிகம் போவது மண்ணுக்கு அடியிலும் தலைக்கு மேலும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமெண்ட் என்பது கட்டுமானத்தில் எல்லோரும் வைத்துக்கொள்ளும் தோராயம். உங்கள் 1,100 சதுர அடிக்கு 440 மூட்டை. அதில் கூரை மட்டும் ஐந்து அங்குலம் போட்டால் 13 கன மீட்டர் கான்கிரீட், அதாவது 100 மூட்டைக்கு மேல். சிமெண்டுக்கு மூலமான கிளிங்கரை 1,450 டிகிரி சூட்டில் எடுக்கிறார்கள். ஒரு டன் கிளிங்கருக்கு 800 கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. அதில் பாதிக்கு மேல் எரிபொருளின் புகை இல்லை, சுண்ணாம்புக் கல் வேகும்போது அதிலிருந்தே பிரிந்து வருவது. உலையை எவ்வளவு நல்ல உலையாக மாற்றினாலும் அந்தப் பங்கு குறையாது. அதனால் சிமெண்ட் எங்கெல்லாம் தேவையில்லாமல் போகிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. எந்தக் கல் என்பது அதற்கப்புறம்.

முதலில் உங்கள் மண்கல் ஆசைக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். மனையின் மண்ணில் முடியாது.

தெரிந்துதான் சொல்கிறேன். வேலைக்கு வந்த மூன்றாம் வருடம் கோவில்பட்டி பக்கம் ஒரு பெரியவருக்கு இதே யோசனையை நானே கொடுத்தேன். அவருடைய கரிசல் மண்ணில் ஐந்து சதவீதம் சிமெண்ட் கலந்து, கைப்பிடி அழுத்தும் மிஷினை வாடகைக்கு எடுத்து, ஆயிரத்துச் சொச்சம் கல் போட்டோம். மிஷினை விட்டு வெளியே வந்தபோது கறுப்புச் சாக்லேட் மாதிரி அழகாக இருந்தது. மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் மூலைக்கு மூலை வெடிப்பு. ஒன்றைக் கையில் எடுத்தேன். பாதி கையிலும் பாதி தரையிலுமாக நின்றது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. "வெயில்ல எங்க காடு இப்படித்தான் தம்பி வெடிக்கும்" என்றார், அவ்வளவுதான். அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஆரோவில்லில் இருப்பது செம்மண். அழுத்திச் செய்யும் மண்கல்லுக்கு ஏற்ற மண்ணில் பாதிக்குப் பாதி மணல், கொஞ்சம் சரளை, ஐந்தில் ஒரு பங்கு களி இருக்க வேண்டும். கரிசலில் களி அதைவிட மிக அதிகம், அதுவும் தண்ணீர் குடித்தால் ஊதி, காய்ந்தால் சுருங்குகிற ரகம். வேண்டுமானால் வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், ஒரு சிட்டிகை உப்பு, நிறையத் தண்ணீர் விட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் இறங்கிவிடும், வண்டல் அரைமணி நேரத்தில் அதன்மேல் படியும், களி ராத்திரி முழுக்கக் கலங்கிக்கொண்டே நிற்கும். மறுநாள் காலையில் அடுக்குகளை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். பிள்ளைகளுக்கு வகுப்பில் காட்டவும் நல்ல பாடம்.

இனி அஸ்திவாரம். உங்கள் மனையில் பணத்தையும் சிமெண்டையும் தயங்காமல் போட வேண்டிய ஒரே இடம் இதுதான். கரிசலில் மூன்றடி அஸ்திவாரக் குழி தோண்டிக் கருங்கல் கட்டி எழுப்பின வீடுகள் ஐப்பசி மழைக்கு மேலே தூக்கி, சித்திரை வெயிலுக்குக் கீழே இறங்கி, ஜன்னல் மூலையிலிருந்து குறுக்காக விரிசல் விட்டு நிற்பதை உங்கள் தெருவிலேயே பார்த்திருப்பீர்கள். பதினைந்து வருடத்தில் இடிக்கிற வீட்டை எந்தப் பசுமைக் கல்லால் கட்டினாலும் அது பசுமை வீடு ஆகாது.

சித்திரையில் மனையில் எட்டடிக்கு ஒரு குழி போடுங்கள். வெடிப்பு எவ்வளவு ஆழம் போகிறது, கரிசலுக்கு அடியிலுள்ள சுண்ணாம்புக் கெட்டியான சுக்கான் எந்த அடியில் தட்டுகிறது என்று பாருங்கள். ஐந்தாறு அடியில் கெட்டியான சுக்கான் வந்தால் அதன்மேல் கருங்கல் அஸ்திவாரமே போதும். கரிசல் இன்னும் கீழே போனால் அண்டர் ரீம்டு பைல் போட வேண்டும். பத்துப் பன்னிரண்டு அடி ஆழத்துக்குத் துளை போட்டு, அடியில் குடம் மாதிரி அகலப்படுத்திக் கான்கிரீட் நிரப்புவார்கள். மழையும் வெயிலும் எட்டாத ஆழத்தில் அந்தக் குடம் நங்கூரம் மாதிரி பிடித்துக்கொள்ளும். ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நம் நாட்டுக் கரிசல் நிலங்களுக்கென்றே வளர்த்தெடுத்த முறை இது. பைல்களின் மேல் ஓடுகிற பீமுக்கு அடியில் மூன்று அங்குலம் காலியாக விட வேண்டும், மண் ஊதினால் அதற்கு இடம் வேண்டுமே. இதை மேஸ்திரி அளவில் முடிவு செய்யாதீர்கள். மண் பரிசோதனை ரிப்போர்ட்டோடு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்துப் போட்ட வரைபடம் வேண்டும். அப்புறம், தோண்டிய கரிசலை எக்காரணம் கொண்டும் தரைக்கு அடியிலுள்ள பேஸ்மெண்டுக்குள் திருப்பிக் கொட்டாதீர்கள், தரையைத் தூக்கிவிடும். ஊரில் யாராவது பழைய வீடு இடித்தால் அந்தச் செங்கல் உடைசலையும் காரையையும் கேட்டு வாங்குங்கள். அதற்குமேல் கிராவல் போட்டுத் தண்ணீர் விட்டுத் திமிசு கட்டை போட்டால் போதும்.

அஸ்திவாரத்தில் செலவழித்ததைத் தூண்களில் மிச்சம் பிடிக்கலாம். இப்போது ஒற்றைத் தள வீட்டுக்குக்கூடப் பத்துப் பன்னிரண்டு கான்கிரீட் தூண் நிறுத்தி, பீம் ஓட்டி, நடுவில் சுவரைத் திரை மாதிரி கட்டுகிறார்கள். மாடி எடுக்கப் போவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் ஒன்பது அங்குலச் சுவரே கூரையைத் தாங்கும். கதவு ஜன்னலுக்கு மேலே வருகிற லிண்டல் மட்டத்தில் வீட்டைச் சுற்றி விட்டுப்போகாமல் ஒரு பட்டை பீம் ஓடட்டும். தூணும் கூரை பீமும் வேண்டாம். நீங்கள் எந்தக் கல் வாங்கினாலும் கிடைக்கிற பலனை விட இந்த ஒரு முடிவின் பலன் பெரிது. "நாளைக்கு மாடி போடணும்னா?" என்று மேஸ்திரி கேட்பார். இன்னொரு மாடியையும் அந்தச் சுவரே தாங்கும், அதற்கேற்ப இன்ஜினியர் முதலிலேயே கணக்குப் போட்டிருந்தால்.

சரி, சுவருக்கு வருவோம். நான் சாம்பல் கல்லைச் சொல்வேன். உங்களுக்குத் தூத்துக்குடி அனல்மின் நிலையம் எட்டுகிற தூரம், அங்கே எரித்த நிலக்கரியின் சாம்பல் மலையாகக் குவிந்து கிடக்கிறது. இந்தக் கல்லைச் சூளையில் வைப்பதில்லை, தண்ணீர் ஊற்றிப் பதப்படுத்துகிறார்கள். வண்டல் மண்ணும் வேண்டியதில்லை. சிமெண்டோ சுண்ணாம்போ கொஞ்சம் சேர்க்கத்தான் செய்கிறார்கள், அதனால் முழுப் புண்ணியம் என்று சொல்ல மாட்டேன். உங்கள் உறவினர் சொன்னதில் பாதி உண்மை. சாம்பல் தூளாகப் பறக்கும்போது நுரையீரலுக்குக் கெடுதல், சாம்பலைக் கொட்டும் குளங்களைச் சுற்றி இருப்பவர்களைக் கேட்டால் தெரியும். கல்லாக இறுகி, மேலே பூச்சும் பூசிய பிறகு அது பறந்து வருவதில்லை. அறுக்கும்போதும் குழாய் பதிக்கக் காடி எடுக்கும்போதும் வேலையாட்கள் முகத்தை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள், கல்லை நனைத்து அறுக்கச் சொல்லுங்கள்.

வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன்னால் தேதியைக் கேளுங்கள். வார்த்து மூன்று வாரம் ஆகாத கல்லை ஏற்றி அனுப்புகிற களங்கள் உண்டு. அது சுவரில் ஏறிய பிறகு சுருங்கும், பூச்சு வெடிக்கும், பழி சாம்பல் கல் மேல் விழும். லோடிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஐந்து கல் எடுத்து, நன்றாகக் காயவைத்து எடை போடுங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி போடுங்கள். மூன்று கிலோ கல் 600 கிராமுக்கு மேல் தண்ணீர் குடித்திருந்தால், அதாவது 20 சதவீதத்தைத் தாண்டினால், லோடைத் திருப்பி அனுப்பலாம்.

மேஸ்திரியின் செங்கல்லையும் நான் ஒதுக்கவில்லை. உங்கள் பக்கத்துக் காளவாசல்களில் சீமைக்கருவேலம் போட்டுச் சுடுகிறார்கள். வெட்ட வெட்டத் தழைக்கிற அந்தச் சனியன் எரிந்து போனால் யாருக்கு நஷ்டம்? கண்மாய் வண்டலில் அறுத்து, பத்து மைலுக்குள் சுட்ட நாட்டுச் செங்கல், நூறு மைல் லாரியில் வருகிற எந்தப் பசுமைக் கல்லுக்கும் இளைத்ததில்லை. ஆனால் அளவு ஒன்றுபோல் இருக்காது, கலவையும் பூச்சும் கூடப் பிடிக்கும். நான் அடுத்துச் சொல்லப் போகும் கட்டு முறைக்கும் அது ஒத்து வராது.

அந்தக் கட்டுக்கு எலிப்பொறிக் கட்டு என்று பெயர். திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் நூற்றுக்கணக்கான வீடுகளில் செய்து காட்டியது. கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிமிர்த்தி வைப்பார்கள். வெளியே ஒரு கல், உள்ளே ஒரு கல், இரண்டையும் பிணைக்கக் குறுக்கே ஒரு கல். சுவர் அதே ஒன்பது அங்குலம்தான், ஆனால் நடுவில் மூன்று அங்குலம் காற்று. மேலிருந்து பார்த்தால் எலிப்பொறிகளை வரிசையாக அடுக்கின மாதிரி இருக்கும். சாதாரணக் கட்டில் நூறு சதுர அடிச் சுவருக்கு ஏறக்குறைய 900 கல் பிடித்தால், இதில் 700 சொச்சம். உங்கள் வீட்டில் உள்ளும் புறமும் 1,800 சதுர அடிச் சுவர் வரும் என்று வைத்தால் மூவாயிரம் கல்லுக்கு மேல் மிச்சம், கலவையும் குறைவு. அந்தக் காற்று இடைவெளி மேற்கு வெயிலின் சூடு உள்ளே இறங்குவதைக் குறைக்கும். அருப்புக்கோட்டையில் மே மாதம் இருந்தவருக்கு இதன் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. கலவைக்கு ஒரு பங்கு சிமெண்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்த மணல்) போதும். தரைமட்ட வரி, ஜன்னல் அடி, லிண்டல் அடி, கதவு நிலையின் இரு பக்கம் இங்கெல்லாம் பொந்து விடாமல் கெட்டியாகக் கட்ட வேண்டும். கரண்ட் குழாய் எங்கே போகிறது என்று கட்டுவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். கட்டி முடித்த பிறகு காடி வெட்டினால் பொந்து உடையும். மேஸ்திரிக்குப் பழக்கமில்லை என்றால் முதலில் காம்பவுண்டுச் சுவரில் பத்தடி கட்டிப் பார்க்கட்டும். கை பழக ரொம்ப நாள் பிடிக்காது.

ஏ.ஏ.சி. பிளாக் மோசமான பொருள் இல்லை. பத்து மாடிக் கட்டடத்தில் எடை குறைந்தால் கம்பி குறையும், அங்கே அதற்கு அர்த்தம் உண்டு. சுவரே கூரையைத் தாங்கப்போகிற ஒற்றைத் தள வீட்டில் அதற்கு வேலை இல்லை. விட்டுவிடுங்கள்.

கூரை. இதில்தான் எனக்குப் பிரியம் அதிகம். கான்கிரீட் கூரையின் மேல்பாதி அழுத்தத்தைத் தாங்குகிறது, கீழ்ப்பாதியில் கம்பி இழுவையைத் தாங்குகிறது. கம்பிகளுக்கு நடுவே கீழ்ப்பாதியில் இருக்கும் கான்கிரீட் பெரும்பாலும் சும்மா தொங்குகிற பாரம். அந்த இடத்தில் இரண்டு மங்களூர் ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக, நடுவில் காற்று நிற்கும்படி வைத்து மேலே கான்கிரீட் போட்டால் அது ஃபில்லர் ஸ்லாப். ஐந்தில் ஒரு பங்கு வரை கான்கிரீட் மிச்சம். இதையும் கேரளத்தில் பரப்பியவர் பேக்கர்தான். பழைய ஓட்டு வீடு இடிக்கிற இடத்தில் ஓடு மலிவாகக் கிடைக்கும். விரிசல் விட்டது, ஓரம் உடைந்தது எல்லாம் பரவாயில்லை. கான்கிரீட் போடுவதற்கு முன் ஓடுகளை நன்றாக ஊறவைக்க வேண்டும், இல்லாவிட்டால் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும். கம்பி இடைவெளி ஓட்டின் அளவுக்கு ஏற்ப வர வேண்டும், அதை இன்ஜினியர் வரைந்து தரட்டும். கீழே சீலிங் பூச வேண்டாம். கீழே முட்டுக் கொடுத்த சென்ட்ரிங் பிரித்ததும் சிவப்பு ஓடு வரிசையாகத் தெரியும். ஒரு வீட்டில் அப்படிப் பிரித்த அன்று வீட்டுக்கார அம்மா அண்ணாந்து பார்த்தபடியே பத்து நிமிடம் நின்றார். மேலே மொட்டை மாடியில் பழைய காரை வீடுகளில் செய்த மாதிரி செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதிக்க ஆள் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் வெள்ளை டைல், அல்லது வருடா வருடம் பங்குனியில் இரண்டு கை சுண்ணாம்பு. உங்களுக்கு மேலே இன்னொரு தளம் இல்லை, வெயில் நேராகக் கூரையில்தான் இறங்கும்.

சிமெண்ட் வாங்கும்போது 53 கிரேடு சாதாரண சிமெண்ட் கேட்காதீர்கள், சாம்பல் கலந்த பி.பி.சி. கேளுங்கள். அதில் 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் சேர்க்கலாம் என்று இந்தியத் தரநிர்ணயம் அனுமதிக்கிறது, அந்த அளவுக்குக் கிளிங்கர் குறையும். ஆனால் அது மெதுவாக இறுகும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 456 சொல்கிறபடி சாதாரண சிமெண்டுக்கு ஏழு நாள் தண்ணீர் கட்டினால் இதற்குக் குறைந்தது பத்து நாள், உங்கள் ஊர் வெயிலுக்குப் பதினான்கு. கூரையில் பாத்தி கட்டி நிறுத்துங்கள், சுவரில் ஈரச் சாக்குப் போடுங்கள், தண்ணீர் பாதிதான் செலவாகும்.

தண்ணீர் என்றதும் ஒன்று. உங்கள் பக்கம் போர்வெல்லில் உப்புத் தண்ணீர் வருவது சகஜம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதி, சில வருடங்களில் சீலிங் பெயர்ந்து விழும். வேலை ஆரம்பிப்பதற்கு முன் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஒரு பாட்டில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். தாண்டியிருந்தால் கான்கிரீட் கலக்க லாரித் தண்ணீர், பிறகு அதன்மேல் தண்ணீர் கட்டவும் அதுவே நல்லது.

எம்-சாண்ட் விஷயத்தில் ஒரே எச்சரிக்கை: கழுவாத குவாரித் தூளை எம்-சாண்ட் என்று விற்கிறார்கள். கையில் அள்ளித் தட்டிவிட்ட பிறகும் மாவு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தால் அது தூள். பூச்சுக்கு அதைவிட மெல்லிய பி-சாண்ட் தனியாக வாங்குங்கள்.

தரைக்கு வாசல் முதல் ஹால் வரை ஆத்தங்குடிக் கல் போடலாம், காரைக்குடி உங்களுக்கு ஒரு பகல் பயணம். கண்ணாடி மேல் வண்ணக் குழம்பை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைக்கிறார்கள், சூளை கிடையாது. குஜராத்தில் மோர்பியில் 1,200 டிகிரி சூட்டில் சுட்டு லாரியில் இங்கே வருகிற விட்ரிஃபைடு டைலோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். சமையலறையில் மட்டும் வேண்டாம், புளியும் எலுமிச்சையும் பட்டால் கறை பிடிக்கும். அங்கே கடப்பா போடுங்கள்.

நிலை, கதவு, ஜன்னலுக்குக் காரைக்குடி பழைய மரக்கடைகளில் ஒரு நாள் சுற்றுங்கள். ஆனால் வரைபடம் போடுவதற்கு முன்னால் போங்கள். கதவு கிடைத்த அளவுக்குச் சுவரில் வாசல் விடுவது சுலபம், சுவருக்கு ஏற்பக் கதவை அறுப்பது பாவம். புது மரம்தான் வேண்டுமென்றால் வேம்பு. பனை உத்திரம் கேட்டு யாராவது மரம் வெட்டித் தருகிறேன் என்று வந்தால் அரசு அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள், ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று 2021இல் அரசு அறிவித்தது.

மண்கல்லை நீங்கள் முழுக்க மறக்க வேண்டியதில்லை. வாசலில் தாழ்வாரத்தோடு ஒரு திண்ணையும் அதைச் சுற்றி இடுப்பளவு சுவரும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு 400 கல் போதும். பக்கத்தில் செவல் (செம்மண்) காடு இருக்கும் ஊரிலிருந்து ஒரு டிராக்டர் மண், பட்டா நிலமாக இருந்தாலும் முறைப்படி அனுமதி வாங்கி எடுத்து வாருங்கள். மேல்மண்ணை ஒரு முழம் ஒதுக்கிவிட்டு அடி மண்ணை எடுக்க வேண்டும், வேரும் சருகும் கலந்தால் கல் நிற்காது. அதே ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுப் பாருங்கள். மழை ஓய்ந்த தையில் கல் போட்டு, பாலிதீன் மூடி, ஒரு மாதம் ஈரம் காயாமல் வைத்திருந்தால் பங்குனியில் கட்டலாம்.